கூடத்திலேயே ஒலிப்பதிவுக்கூடம்

கையில் தூக்கிப்போகும் மல்டிட்ராக் ரெக்கார்டர் ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர் கண்ணில் முதலில் படுவது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண். 6, 8, 16, 24. எண் ஏற ஏறக் கருவியும் உசத்தி என்று கடைக்காரர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். அந்த எண்ணுக்கு அர்த்தம் ஒன்றுதான்: தனித்தனியாகப் பதிந்துவைத்த எத்தனை ட்ராக்குகளை அந்தக் கருவி சேர்த்து ஒலிக்கும் என்பது. ஒரே நேரத்தில் எத்தனை மைக்கைச் செருகிப் பதியலாம் என்பது வேறு கணக்கு. அதைத் தேடிப்பிடித்துத்தான் படிக்க வேண்டும்.

ஸூம் ஆர்8 என்ற கருவி 8 ட்ராக் ஒலிக்கும். ஒரு நேரத்தில் பதிவது இரண்டே இரண்டு. (வீடியோ கூட்டம் நடத்தும் ஸூம் இல்லை, இது 1983இல் ஜப்பானில் தொடங்கிய இசைக்கருவி நிறுவனம்.) டாஸ்காம் டிபி-006இல் 6 ட்ராக், பதிவது அதிலும் இரண்டுதான். ஸூம் ஆர்16இல் 16 ட்ராக், பதிவது 8. டாஸ்காம் டிபி-24எஸ்டியில் 24 ட்ராக், பதிவது அதே 8. ஆக, பதிகிற வேலையில் 16க்கும் 24க்கும் வித்தியாசம் கிடையாது. 8க்கும் 16க்கும் இடையில் இருப்பதோ பெரிய பள்ளம்.

எந்தக் கருவி என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் பாட்டு எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஒருவரே கிட்டார் வாசித்துப் பதிந்து, அதன்மேல் பேஸ் வாசித்து, அதன்மேல் பாடி, தனக்குத் தானே இரண்டாம் குரலும் கொடுத்து அடுக்கடுக்காகப் பாட்டைக் கட்டுகிறாரா? இல்லை, நாலைந்து பேர் கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்து முடிக்கிறார்களா? அடுக்குகிறவருக்கு இரண்டு இன்புட் தாராளம். ட்ராக் எத்தனை கொடுத்தாலும் அவர் நிரப்பிவிடுவார். சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு 8 ட்ராக்குக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். ஆனால் இன்புட் ஆறாவது இருந்தாக வேண்டும். இந்த இரு தரப்புக்கும் ஒரே கருவியைச் சிபாரிசு செய்கிறவரை நான் நம்புவதில்லை.

இந்தக் கருவிகள் பிறந்தது அடுக்குகிறவர்களுக்காகத்தான். அமெரிக்க கிட்டார் வித்வான் லெஸ் பால், தன் வாசிப்பின் மேல் தானே வாசித்துப் பதிவதை 1940களிலேயே இசைத்தட்டுகளை வைத்துச் செய்தவர். 1948இல் வெளிவந்த ‘லவர்’ அப்படி உருவானதுதான். ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்காகச் செய்துகொடுத்த 8 ட்ராக் டேப் இயந்திரம் 1957இல் நியூ ஜெர்சியில் இருந்த அவர் வீட்டுக்கு வந்து இறங்கியது. ஆள் உயர அலமாரி அது. அதை வீட்டில் வாங்கி வைக்க லெஸ் பாலாகப் பிறந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்த வசதி வர 1979 ஆயிற்று. ஜப்பானின் டியாக் நிறுவனம் அந்த ஆண்டில் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144, கடையில் கிடைக்கும் கேசட்டிலேயே 4 ட்ராக் பதிந்தது. கேசட்டின் ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு என்று இருந்த இடத்தை ஒரே திசையில் ஓடும் நாலு ட்ராக்காக மாற்றினார்கள். நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டிய டேப்பை 9.5 செ.மீ. ஓட்டினார்கள். ஒரு மணி நேரக் கேசட் கால் மணியில் தீர்ந்துபோகும். போனால் போகிறது, வீட்டுக்குள் ஸ்டுடியோ வந்துவிட்டது.

1982 ஜனவரியில், அதே நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில், தான் குடியிருந்த வீட்டின் படுக்கையறையில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இந்த 144ஐயும் ஷூர் எஸ்எம்57 மைக்குகளையும் வைத்துக்கொண்டு பாட்டுகளைப் பதிந்தார். குழுவினருக்குப் போட்டுக்காட்டத்தான் அந்தக் கேசட். குழுவோடு ஸ்டுடியோவில் பாடிப் பார்த்தும் கேசட்டில் இருந்தது வராததால், கேசட்டையே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக அந்தச் செப்டம்பரில் வெளியிட்டார்கள். மலிவுக் கருவியே போதும் என்பதற்குச் சாட்சியாக இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். கேசட்டில் இருந்ததை இசைத்தட்டுக்கு மாற்றுவதற்குள் மாஸ்டரிங் செய்தவர்கள் பட்ட பாட்டை அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. ஒரு கிட்டார், ஒரு குரல், ஒரு ஹார்மோனிகா, மேலே ஒன்றிரண்டு பூச்சு. நாலு ட்ராக்குக்குள் அடங்கும் பாட்டுகளாகவே அவை எழுதப்பட்டிருந்தன.

அடங்காத பாட்டுக்கும் வழி இருந்தது. அதற்கு பவுன்ஸ் என்று பெயர். முதல் மூன்று ட்ராக்கில் மூன்று வாத்தியங்களைப் பதியுங்கள். அந்த மூன்றையும் கலந்து நாலாவது ட்ராக்குக்கு மாற்றும்போதே கூட ஒன்றை நேரடியாக வாசித்துச் சேருங்கள்: நாலாவதில் நாலு வாத்தியம். இப்போது முதல் மூன்றும் காலி. ஒன்றிலும் இரண்டிலும் புதிதாகப் பதிந்து, மூன்றாவதுக்கு மாற்றும்போது இன்னொன்றை வாசியுங்கள்: அங்கே மூன்று. ஒன்றில் பதிந்து, இரண்டாவதுக்கு மாற்றும்போது இன்னொன்று: அங்கே இரண்டு. கடைசியாக முதல் ட்ராக்கில் ஒன்று. 4, 3, 2, 1 கூட்டினால் 10. நாலு ட்ராக்கில் பத்து வாத்தியம், எதுவும் ஒரு முறைக்கு மேல் பிரதி எடுக்கப்படாமல்! கேசட்டில் ஒவ்வொரு பிரதிக்கும் ‘உஸ்’ இரைச்சல் ஏறும். டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால், கலந்தது கலந்ததுதான். பேஸ் தூக்கலாக இருந்தது என்று மறுநாள் காலையில் தோன்றினால் பிரித்தெடுக்க முடியாது. முதலில் பதிந்த ட்ராக்குகளை அழிக்காமல் வைத்திருந்தால் மட்டும் பிழைத்தீர்கள். அண்மையில் வந்த ஸூம் ஆர்4, 4 ட்ராக்கோடு பவுன்ஸுக்கென்றே தனியாக ஒரு ட்ராக்கை வைத்து இந்தப் பழைய வழியை மறுபடியும் கொண்டுவந்திருக்கிறது. கணினியில் கணக்கில்லாத ட்ராக் கிடைக்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். கணக்கில்லாத ட்ராக்கோடு பாதியில் நிற்கும் பாட்டுகளைக் கணினியில் குவித்து வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள்.

சேர்ந்து வாசிக்கிறவர்கள் பக்கம் வருவோம். நம் ஊரில் வீட்டு இசை என்றால் பெரும்பாலும் இதுதான்: பஜனை, கச்சேரி ஒத்திகை, மெல்லிசைக் குழுவின் ஞாயிற்றுக்கிழமைச் சாதகம். ஒரு சின்னக் கச்சேரிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாடகருக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு இரண்டு வேண்டும். வலந்தலையின் கணீர் ஓசையும் தொப்பியின் கும்காரமும் ஒரே மைக்கில் சரிவிகிதமாக விழுவது கடினம். கடத்துக்கு ஒன்று. சுருதிக்குக் கைப்பேசியில் தம்பூரா செயலி ஓடுகிறதென்றால், அதை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு மைக்கில் பிடிப்பதைவிட ஒயர் வழியாக நேரே இன்புட்டில் கொடுப்பது நல்லது. பிற்பாடு கூட்டவும் குறைக்கவும் வசதி. மொத்தம் ஆறு. மேலே ஆறு இன்புட் என்று சொன்னது இந்தக் கணக்கில்தான்.

ஆறு மைக்கில் ஆறு ட்ராக் கிடைத்துவிட்டால் ஆறு வாத்தியமும் பிரிந்துவிட்டன என்று நினைத்துக்கொள்வோம். அப்படி நடப்பதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் மிருதங்கம் எல்லா மைக்கிலும் கேட்கும், பாடகரின் குரல் வயலின் மைக்கிலும் கேட்கும். பல்லவியில் ஓரிடம் சுருதி விலகிவிட்டது, அதை மட்டும் திரும்பப் பாடி ஒட்டிவிடலாம் என்றால், விலகிய பழைய குரல் வயலின் ட்ராக்கில் சன்னமாக உட்கார்ந்திருக்கும். ஒட்டுப்போட்டது பட்டென்று தெரியும். இதைக் குறைக்க முடியும், ஒழிக்க முடியாது. மைக்குக்கும் வாத்தியத்துக்கும் ஓர் அடி இருந்தால் பக்கத்து மைக் மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது ஒலிப்பதிவாளர்களின் பழைய கணக்கு. கார்டியாய்டு வகை மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம்; பாடகரின் மைக் முதுகை மிருதங்கத்துக்குக் காட்டும்படி திருப்பினாலே பாதிச் சண்டை தீரும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மே மாதத்தில் இது கொடுமைதான். ஆனால், விசிறியின் காற்று கன்டென்சர் மைக்கில் ‘புர்’ரென்று பதிந்தால் எந்த மென்பொருளும் அதைச் சுத்தமாக எடுத்துத் தராது.

ஓவர்டப் முறையில் ஒவ்வொருவராகப் பதிந்தால் இந்தக் கலப்பே இருக்காதே என்பார்கள். உண்மை. பக்திப் பாடல், மெல்லிசை, கட்டி முடித்த கீர்த்தனை இவற்றுக்கு அது சரிப்படும். 2020 ஊரடங்கில் பாடகர் ஒரு வீட்டில், வயலின் ஒரு வீட்டில், மிருதங்கம் ஒரு வீட்டில் என்று பதிந்து சேர்த்த காணொளிகளை எத்தனையோ பார்த்தோம். நிரவலுக்கும் கற்பனை ஸ்வரத்துக்கும் அது ஆகாது. பாடகர் எங்கே முடிக்கப்போகிறார் என்று முகம் பார்த்து வாசிப்பவர், ஹெட்ஃபோனில் ஏற்கெனவே முடிந்துபோன பாட்டுக்கு வாசித்தால் தவறே இருக்காது, உரையாடலும் இருக்காது.

ஆகவே, இந்தத் தரப்புக்கு நான் கைகாட்டுவது சின்ன மிக்ஸரும் ரெக்கார்டரும் ஒன்றாகச் சேர்ந்த வகை. ஸூம் லைவ்ட்ராக் எல்-8இல் 6 மைக் இன்புட் உண்டு, 4 ஹெட்ஃபோன் செருகலாம், 4 பென்சில் பேட்டரியிலும் ஓடும். எல்-12இல் 8 மைக் ப்ரீஆம்ப், 5 ஹெட்ஃபோன், ஒவ்வொன்றுக்கும் தனி மிக்ஸ். மிருதங்கக்காரருக்குக் குரல் தூக்கலாக, பாடகருக்குச் சுருதி தூக்கலாக. டாஸ்காம் மாடல் 12, மாடல் 24 ஆகியவையும் இதே குலம்தான், உருவத்தில் மட்டும் பெரியவை. மாடல் 24ஐக் கைக்கருவி என்று சொன்னால் தூக்குகிறவர் கோபிப்பார்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்கு அதுவே போதும். கூடம் நன்றாக ஒலிக்கிறது, வாசிப்பவர்கள் தங்களுக்குள் சமன் பார்த்து வாசிக்கிறவர்கள் என்றால், சரியான இடத்தில் வைத்த ஒரு ஜோடி ஸ்டீரியோ மைக் தரும் பதிவை ஆறு ட்ராக் மிக்ஸ் எட்டிப்பிடிப்பது சிரமம். 2013இல் வந்த ஸூம் எச்6 போன்ற கைப்பிடி ரெக்கார்டரில் தலையில் ஸ்டீரியோ மைக்கும் இடுப்பில் 4 மைக் இன்புட்டும் இருப்பதால் இரண்டையும் செய்துகொள்ளலாம். மொத்தக் கூடத்தையும் ஸ்டீரியோவில் எடுத்துவிட்டு, குரலையும் வயலினையும் அருகிலிருந்து தொட்டுக்கொள்வது. ஒத்திகைகளுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு எனக்குத் தெரியாது. அடுக்குகிறவர் இதை வாங்கினால் நொந்துபோவார். ஓவர்டப் செய்வதற்குள் மெனுவுக்குள் நாலு படி இறங்கி ஏற வேண்டும்.

இரண்டு இன்புட் ரெக்கார்டர் இரண்டை வைத்து நாலு இன்புட் ஆக்கிவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மூன்று நிமிடப் பாட்டுக்கு ஆகும். ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே தனிக் கடிகாரம் துடிக்கிறது; இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரக் கச்சேரியின் முடிவில் 72 மில்லி நொடி விலகியிருக்கும். தனி ஆவர்த்தனத்துக்கு வருவதற்குள் கடமும் மிருதங்கமும் ஒரே அடியை இரண்டு அடியாகக் கேட்கவைக்கும்.

இன்புட் எண்ணிக்கை முடிந்தால் இன்புட்டின் தரம். இங்கே பெரும்பாலோர் சறுக்குவது ஃபாண்டம் பவரில். கன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஒயர் வழியாகப் போக வேண்டும். டைனமிக் மைக்குக்கு அது வேண்டாம். 8 இன்புட் என்றால் எட்டிலும் 48 வோல்ட் வரும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. ஆர்16இல் எட்டில் இரண்டில்தான் வரும். நாலு கன்டென்சர் மைக் வைத்திருக்கிறவர் அதை வாங்கினால் இரண்டு மைக் பெட்டியிலேயே தூங்கும். டிபி-006இல் ஃபாண்டமே கிடையாது. டிபி-008இஎக்ஸில் உண்டு.

வீணைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வீணையின் ஓசை சன்னம். மைக்கில் எடுத்தால் கெயினை வெகுவாக ஏற்ற வேண்டிவரும், ஏற்றினால் ப்ரீஆம்பின் இரைச்சலும் சேர்ந்து ஏறும். மிருதங்கத்தை வைத்துச் சோதித்தால் எல்லாக் கருவியும் நல்ல கருவிதான். வீணையை வைத்துச் சோதித்தால் சாயம் வெளுத்துவிடும். இரைச்சலுக்குப் பயந்து குடத்தில் கான்டாக்ட் பிக்கப் ஒட்டுகிறவர்கள் அதைச் சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் மந்த்ர ஸ்தாயி காணாமல் போய்த் தகரம் தட்டுவதுபோலக் கேட்கும். பீயஸோ பிக்கப்புக்கு மிக உயர்ந்த மின்தடை உள்ள இன்புட் வேண்டும். கருவியில் ஹை-இஸட் என்றோ கிட்டார் என்றோ குறித்திருப்பது அதுதான். பல கருவிகளில் அப்படி ஒரே ஒரு துளைதான் இருக்கும்.

பிட் கணக்கைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், சுருக்கமாக முடித்துவிடலாம். 16 பிட்டில் கோட்பாட்டளவில் 96 டெசிபெல் வீச்சு, 24 பிட்டில் 144. இரண்டாவது எண்ணை நடைமுறையில் எந்தக் கருவியும் தொடுவதில்லை. ஆனாலும் 24 பிட்டில் ஒரு நிம்மதி உண்டு: உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அடக்கமாகப் பதிந்தாலும் பின்னால் ஏற்றும்போது கெடாது. டிபி-006 போன்ற 16 பிட் கருவியில் முள்ளை மேலேயே வைத்திருக்க வேண்டியிருக்கும். திடீரென்று ஒரு சாப்பு விழுந்தால் ஒலி பிளந்துவிடும். புதிதாக வந்திருக்கும் 32 பிட் ஃப்ளோட் அந்தப் பயத்தையே எடுத்துவிடுகிறது. ஆர்4, எச்6எசென்ஷியல் இரண்டிலும் அது இருக்கிறது. கெயினைத் திருகும் வேலையே இல்லை, எவ்வளவு உரக்க வந்தாலும் பிறகு குறைத்துக்கொள்ளலாம். மைக்கே தாங்க முடியாமல் பிளந்தால் மட்டும் அதைக் காப்பாற்ற வழியில்லை. வாசிக்கிறவரே பதிகிறவராகவும் இருக்கும் வீட்டில், மீட்டரைப் பார்க்க ஆள் ஏது? அந்த வீட்டுக்கு இதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். 96 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமா என்றால், வேண்டாம். காணொளியோடு சேர்ப்பதென்றால் 48, பாட்டு மட்டும் என்றால் 44.1. ஆர்8, ஆர்16 இரண்டும் தனியாக ரெக்கார்டராக ஓடும்போது 44.1 மட்டும்தான், காணொளி தொகுக்கும் மென்பொருள் அதைத் தானே மாற்றிக்கொள்ளும்.

கார்டு பெரிய செலவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 எம்பி. 8 ட்ராக் ஒரு மணி நேரம் ஓடினால் 3.8 ஜிபி. 32 ஜிபி கார்டில் 8 மணி நேரம். சென்னையில் எந்த ஒத்திகையும் இடையில் காபி வராமல் அவ்வளவு நேரம் நடந்ததில்லை. பழைய கருவிகள் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 128 ஜிபி வாங்கிப்போனால் கருவி முறைத்துப்பார்க்கும்.

மின்சாரம்தான் நம் ஊர்க் கவலை. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதுவரை பதிந்ததும் போகலாம். வேவ் கோப்பின் தலைப்பகுதி, ‘ஸ்டாப்’ அழுத்திய பிறகுதான் பல கருவிகளில் முழுமையாக எழுதப்படுகிறது. அதற்குள் கருவி அணைந்தால் கார்டில் கோப்பு இருக்கும், அளவு 0 என்று காட்டும். அதனால், அடாப்டரில் ஓடினாலும் உள்ளே பேட்டரி போட்டுவைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் ஓடும் கருவி என்றால் பவர் பேங்க் போதும். வீட்டில் அது எப்படியும் இருக்கும். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5, மெனுவில் எந்த வகை என்று சொல்லாவிட்டால் பேட்டரி மீட்டர் பொய் சொல்லும். ஃபாண்டம் பவரைப் போட்டால் பேட்டரி சட்டென்று இறங்கும், அடாப்டரில் ஓடும்போது மட்டும் அதைப் போடுவது வழக்கமாகட்டும்.

கருவிக்குள்ளேயே டிரம் மெஷின், கிட்டார் எஃபெக்ட்ஸ், மாஸ்டரிங் என்று பட்டியல் நீளும். ரிவெர்ப் ஒன்று அவசியம். ஈரமில்லாத குரலை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு யாராலும் நன்றாகப் பாட முடியாது. மற்றவற்றுக்குக் காசு கொடுக்குமுன் யோசிக்கலாம். டிரம் மெஷினில் வருவதெல்லாம் ராக், நடன இசைத் தாளக்கட்டுகள். ஆதி தாளத்தை அதில் ஒப்பேற்றலாம், மிஸ்ர சாபு வேண்டுமென்றால் நீங்களே உட்கார்ந்து கட்ட வேண்டும். ஃபேடர் விஷயத்தில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. மிக்ஸிங்கையும் கருவியிலேயே முடிக்கிறவருக்கு விரலால் நகர்த்தும் ஃபேடர் வேண்டும், தொடுதிரையைவிட அதைத்தான் விரும்புவேன். மிக்ஸிங் கணினியில்தான் என்று முடிவு செய்தவர் ஃபேடருக்கும் எஃபெக்ட்ஸுக்கும் கொடுக்கும் பணத்தை ஒரு நல்ல மைக்கில் போடட்டும்.

அப்படிக் கணினிக்குக் கொண்டுபோகும்போதுதான் கோப்பு வகை முக்கியமாகிறது. ஸூம் ஆர் வரிசையில் ஒவ்வொரு ட்ராக்கும் கார்டில் சாதாரண வேவ் கோப்பாகவே கிடக்கும். கார்டைக் கணினியில் செருகி இழுத்துப்போட்டால் முடிந்தது. டாஸ்காம் டிபி வரிசை கார்டை இரண்டு பகுதியாகப் பிரிக்கிறது. பதிவு நடக்கும் பகுதியைக் கணினி பார்க்க முடியாது. அங்கிருந்து மற்ற பகுதிக்கு ஏற்றுமதி செய்த பிறகுதான் கையில் கிடைக்கும். தினமும் செய்கிறவருக்கு இது அலுப்பு. அலுப்பாவது பரவாயில்லை, பழைய கருவிகளில் நிலைமை இன்னும் மோசம். 1996இல் வந்த ரோலண்ட் விஎஸ்-880, 8 ட்ராக் டிஜிட்டல் பதிவை ஹார்டு டிஸ்க்கோடு மேசைமேல் கொண்டுவந்து வைத்த கருவி. பதிவைத் தனக்கே உரிய முறையில் சுருக்கிச் சேமித்தது. கருவி பழுதானால் டிஸ்க்கை எடுத்து எந்தக் கணினியில் போட்டாலும் பாட்டு நேரடியாகத் திறக்காது. 1990களின் மினிடிஸ்க் மல்டிட்ராக்குகள், யமஹா எம்டி4 மாதிரி, வேறொரு விதத்தில் முடங்கின: எம்டி டேட்டா என்ற அந்தத் தட்டுகளே இப்போது கிடைப்பதில்லை.

கணினியும் இன்டர்ஃபேஸுமே போதாதா? அடுக்குகிறவருக்குப் பல சமயம் போதும் என்பதே என் பதில். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸும், ரீப்பரோ கராஜ்பேண்டோ இருந்தால் ஆர்8 செய்வதையெல்லாம் செய்யலாம், திருத்தும் வசதி பன்மடங்கு. தொல்லை தாமதத்தில்தான். கணினி ஒலியை 256 சாம்பிள் கட்டுகளாக வாங்கிக்கொடுத்தால் போக 5.8, வர 5.8 என்று 11.6 மில்லி நொடி ஆகும். நாலு மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பவரின் ஒலி நம் காதுக்கு வந்துசேரும் நேரம் அது. வயலின்காரர் பொறுத்துக்கொள்வார், கஞ்சிராக்காரர் முகம் சுளிப்பார். இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்கும் பொத்தானைப் போட்டால் அதுவும் தீரும். சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு மட்டும் ரெக்கார்டர்தான் என்று உறுதியாகச் சொல்வேன். கணினி விசிறியின் சத்தம், நடுவில் குதிக்கும் அப்டேட் அறிவிப்பு, வாசிக்கிறவரில் ஒருவர் எழுந்துபோய்த் திரையைப் பார்க்க வேண்டிய அவஸ்தை இவை எதுவும் இல்லாமல் சிவப்புப் பொத்தானை ஒரு தரம் அழுத்திவிட்டு உட்காரலாம்.

கைப்பேசி? சாதகத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளப் போதும். தன்னிஷ்டத்துக்கு ஒலியை ஏற்றி இறக்கும் அதன் புத்திதான் இசைக்கு எதிரி. தாரஸ்தாயியில் பாடகர் எழும்பும் இடத்தில் அது அமுக்கும், அவர் மூச்செடுக்கும் இடத்தில் தெருவில் போகும் ஆட்டோவை எழுப்பிவிடும்.

பழைய கருவி வாங்குவதில் தவறில்லை. ஆர்16 போன்றவற்றைச் சிலர் ஓராண்டு வைத்திருந்துவிட்டுத் தள்ளிவிடுவதால் நல்ல நிலையிலேயே கிடைக்கும். உங்கள் மைக், உங்கள் ஹெட்ஃபோன், உங்கள் கார்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எதையும் செருகாமல் கெயினை முழுக்க ஏற்றி இரைச்சலைக் கேளுங்கள். ஒவ்வொரு ஃபேடரையும் மெதுவாக நகர்த்தும்போது கரகரக்கிறதா என்று பாருங்கள். மைக்கைச் செருகி ஒயரை ஆட்டுங்கள். துளை தளர்ந்திருந்தால் ஒலி விட்டுவிட்டு வரும், அதைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு வேறு கருவி பார்க்கலாம். எல்லா இன்புட்டிலும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பதிந்து, அந்தக் கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கணினியில் திறந்த பிறகு பணம் கொடுங்கள். யூஎஸ்பி வழியாக இன்டர்ஃபேஸாகவும் பயன்படுத்தலாம் என்று விற்பவர் சொன்னால், உங்கள் கணினியின் இன்றைய விண்டோஸுக்கோ மேக்குக்கோ நிறுவனம் டிரைவர் தருகிறதா என்று அதற்குள் பார்த்துவிடலாம். அடாப்டர் தொலைந்துபோன கருவி என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், வாங்கியபின் சென்னை ரிச்சி தெருவில் பொருத்தமானது கிடைக்கும். கடையில் வோல்ட்டை மட்டும் சொல்லிக் கேட்காமல் கருவியின் அடியில் கூட்டல் உள்ளேயா வெளியேயா என்று காட்டும் சின்னப் படத்தையும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போங்கள். முனை மாறிய அடாப்டரை ஒரு முறை செருகினாலே போதும், எட்டு இன்புட்டும் ஒன்றாகப் போய்விடும்.